களைப்பைக் கீறச் சொன்னால் என்ன கீறுவது?

வாசகி ஒருவரின் கேள்வி, 2024 மே 18

டீச்சர், நான் மருதமுனை. நுண்கலை இறுதி வருடம். செயற்றிட்டத்துக்கு மனச்சோர்வு என்று தலைப்பு எடுத்துவிட்டேன். முழங்காலில் முகம் புதைத்த பெண்ணை மூன்று தடவை கீறிக் கொண்டுபோனேன். சேர் மூன்றையும் ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். நாலாவதாக என்ன கீறுவது?

மே 19

நாலாவதாகவும் அந்தப் பெண்ணைக் கீற வேண்டாம். அவளை உலகம் ஐந்நூறு வருடமாகக் கீறிக்கொண்டிருக்கிறது. 1514-இல் ஜெர்மனியில் டியூரர் செப்புத்தகட்டில் செதுக்கி அச்செடுத்த படம் ஒன்று உண்டு. சிறகு முளைத்த ஒரு பெண் கன்னத்தைக் கைமுட்டியில் சாய்த்தபடி குந்தியிருக்கிறாள். 1890-இல் வான் கோ தீட்டிய கிழவர் நாற்காலியில் இருந்து இரண்டு கைமுட்டிகளையும் முகத்தில் அழுத்திக்கொண்டிருக்கிறார். அந்த இருப்பை அவர் 1882-லேயே கீறிப் பார்த்திருந்தார். உங்கள் சேர் இவை எல்லாவற்றையும், இவற்றைப் பார்த்துக் கீறிய முந்நூறு மாணவர்களையும் பார்த்த களைப்பில் இருப்பார்.

டியூரரின் படத்தில் என் கண் அந்தப் பெண்ணில் நிற்பதில்லை, காலடிக்குப் போய்விடும். மரம் அறுக்கிற வாள், சீவுளி, ஆணிகள் எல்லாம் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடக்கின்றன. கையில் கவராயம்கூட இருக்கிறது. வேலைதான் நடக்கவில்லை. உங்கள் வீட்டில் கீழே கிடப்பது என்ன? அதைப் பாருங்கள் முதலில்.

நானும் 2022-இல் இறுதி வருடச் செயற்றிட்டத்துக்கு இதே தலைப்பைத்தான் எடுத்தேன். கரியால் ஒன்பது முகம் கீறினேன். ஒன்பதும் ஒரே ஆள் மாதிரி இருந்தன. விரிவுரையாளர், "இவங்களுக்கெல்லாம் பல்லுக்குத்தா?" என்று கேட்டார்.

மே 19, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. மனச்சோர்வு என்று எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம், அங்கே அது டிப்ரெஷன். இரண்டு கிழமையாவது, அநேகமாக ஒவ்வொரு நாளும், மனம் இறங்கியே கிடப்பது, பிடித்தது ஒன்றும் பிடிக்காமல் போவது. அது கிளினிக்குக்குப் போக வேண்டிய சங்கதி. படித்துப் படித்து, ஒப்படை எழுதி எழுதி மூளை ஓய்ந்துபோவதைத்தான் நீங்கள் சொல்கிறீர்கள் என்றால் மனக்களைப்பு என்று போடுங்கள். பேர்ன் அவுட் என்று ஒரு நோயை 2019-இல் உலக சுகாதார நிறுவனமே பட்டியலில் சேர்த்ததுதானே, அது.

மே 21

நோய் என்று எழுதியது பிழை. தாதியாக இருக்கும் என் சிநேகிதி விடியவே பிடித்துவிட்டாள். சேர்த்தது உண்மை, ஆனால் நோயாகச் சேர்க்கவில்லை, தொழிலோடு வருகிற ஒரு நிலை என்றே சேர்த்திருக்கிறார்கள். மூன்று அடையாளம் சொல்கிறார்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி அதன்மேல் ஒரு கசப்பு வருவது, செய்வது எதுவும் சரிவரவில்லை என்று தோன்றுவது. வேலைத்தலத்துக்கு வெளியே அந்தச் சொல்லைப் பாவிக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது.

அப்போ மாணவருக்கு? சம்பளம் இல்லாத வேலைக்கு அது வராதாம். காலை ஏழு மணிக்கு மகாபொலப் புலமைப்பரிசுக் காசை எண்ணிக்கொண்டு பஸ் ஏறி, இரவு பதினொரு மணிக்கு ஒப்படை முடிக்கிற பிள்ளைக்கு என்ன பெயர் என்று நான் கொஞ்சம் சண்டை பிடித்தேன். "என்னோட கொளுவாத, ஜெனீவாவுக்கு எழுது" என்றாள். உலக சுகாதார நிறுவனம் இருப்பது அங்கேதான்.

மே 27

கண்ணகை அம்மன் சடங்கும் குளுத்தியும் முடிந்த கையோடு வந்த திங்கட்கிழமை. பாதி வகுப்பு நித்திரைக் கண்ணோடு இருந்தது. பாடம் எடுக்க எனக்கும் ஏலாது. ஆகவே உங்கள் கேள்வியை அவர்களிடம் போட்டேன்: களைப்புக்கு என்னென்ன சொல் இருக்கிறது?

முன்வாங்கு பிள்ளைகள் சோர்வு, சலிப்பு, அயர்ச்சி என்று பரீட்சைக்கு எழுதுவது போலச் சொன்னார்கள். பின்வாங்கிலிருந்து வந்தவைதான் சரக்கு. "மண்டை விறைச்சிட்டு." "ஒண்டும் ஓடுதில்ல." "பற்றறி இறங்கிட்டு." ஒருவன் வெறுமனே "ஏலா" என்றான். அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

பாதையில் திரும்பி வரும்போது இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். (வெளியூர்க்காரருக்கு: மண்டூரிலிருந்து குறுமண்வெளிக்கு மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்றுதான் பெயர். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் படிப்பிக்கிற, கிழக்கே இருக்கிற எழுவான்கரைக்காரிக்கு நாளுக்கு இரண்டு தடவை அதுதான் விதி.) களைப்பு என்றால் ஓடிவந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் போகிறது. அலுப்புக்கு இன்னொரு ஆள் வேண்டும், "அலுப்புத் தராத" என்று சொல்வதற்கு. ஏலாது என்பதற்கு ஆளும் வேண்டாம், காரணமும் வேண்டாம். "ஒண்டும் ஓடுதில்ல" என்பதைக் கேட்டபோது எனக்கு வாவி கடலோடு சேரும் முகத்துவாரம்தான் மனதில் வந்தது. மழை இல்லாத மாதங்களில் மண் திட்டு வாயை அடைத்துக் கிடக்கும். வாவி நிறையத் தண்ணீர் இருக்கும், கடல் அந்தப் பக்கம் இரைந்துகொண்டிருக்கும், தண்ணீர் மட்டும் போகாது.

இதைக் கீறலாமா என்றால், கீறலாம், ஆனால் பார்ப்பவர் "நல்ல வாவி" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஜூன் 2

என்னுடைய செயற்றிட்டத்துக்குக் கடைசியில் என்ன செய்தேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன்.

நாலு வருடப் படிப்பு எங்களுக்கு ஆறாவது வருடத்தைத் தொட்டது. 2020 மார்ச்சில் வளாகங்களை மூடியதும் மாமரத்தடிக் கதிரையில் இருந்து சூமில் கலை வரலாறு படித்தோம். சிக்னல் மரத்தடியில் மட்டும்தான் கிடைத்தது. பிறகு 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் இல்லை. காகித விலை கேட்கவே பயம். வரைதாள் வாங்கக் கடைக்குப் போய் இரண்டு தாளோடு திரும்பி வந்தேன், காசு இருந்தும். கடைக்காரர் அதற்குமேல் தரவில்லை.

அப்போதுதான் சீமெந்துப் பை. மேசன் வேலை செய்யும் மாமா ஒருவர் கட்டுக்கட்டாகத் தந்தார். ஆரையம்பதியில் பெரியம்மா வீட்டில் இருந்து, இரவு ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை, மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒரே ஒரு வேலை: பந்துமுனைப் பேனையும் அடிமட்டமும் வைத்துப் பன்பாய் இழைத்த மாதிரி கோடு போடுவது. ஒன்று மேலே, ஒன்று கீழே. பக்கவாட்டில் நேரத்தைக் குறிப்பது. இருபத்தாறு இரவு. ஒன்பது மணிக் கோட்டுக்கும் ஒரு மணிக் கோட்டுக்கும் இடையில் என் மூளை ஓய்ந்துபோவது தெரியும், அதுதான் படைப்பு என்பது எண்ணம்.

விளக்கு ஏன் வைக்கவில்லை என்று கேட்க வேண்டாம். மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசையைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

ஜூன் 3

சீமெந்துப் பை எடுப்பவர்களுக்கு, நான் பட்டதை வைத்து:

பையில் பல அடுக்குக் காகிதம் இருக்கும். வெளி அடுக்கில் எழுத்து அச்சிட்டிருக்கும், உள் அடுக்கில் சீமெந்துத் தூசு. நடுவில் உள்ளதுதான் நமக்கு. காற்றோட்டமான இடத்தில், மூக்கைக் கட்டிக்கொண்டு, காய்ந்த கையால் உதறுங்கள். ஈரக்கையில் சீமெந்து பட்டால் தோலைத் தின்னும். எனக்கு இரண்டு விரல் நுனி வெடித்து ஒரு கிழமை கறிக்கு உப்புப் போட முடியவில்லை. பந்துமுனைப் பேனை நன்றாக ஓடும், ஜெல் பேனை ஊறிப் பரவும். ஒட்டுவதற்குக் கோதுமை மாப் பசை மலிவு, ஆனால் அதை நம்மைவிடக் கரப்பானுக்குப் பிடிக்கும். ஒரு மூலையைத் தின்றுவிட்டது. பார்க்க வந்தவர்களில் ஒருவர் அந்த மூலையைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

ஜூன் 9

தங்கச்சி, இந்த ஆளைத் தேடிப் பாருங்கள்: டெச்சிங் சியே. தாய்வானில் பிறந்து நியூயோர்க்கில் இருந்த நிகழ்த்துகலைஞர். தொழிற்சாலையில் வரவு பதிகிற மணிக்கூடு ஒன்றை அறையில் வைத்து, 1980 ஏப்ரல் 11 முதல் ஒரு வருடம், ஒவ்வொரு மணிக்கும் போய் அட்டையைக் குத்தினார். பகலும் இரவும். ஒவ்வொரு தடவையும் சினிமாக் கமெராவால் ஒரே ஒரு படம் பிடித்தார். தொடக்கத்தில் தலையை மொட்டை அடித்துக்கொண்டார், முடி வளர்வதில் காலம் தெரியட்டும் என்று. வருடம் முழுவதும் சேர்ந்து ஆறு நிமிடப் படம்தான். அதில் ஆள் நின்ற இடத்தில் நிற்கிறார், முடி மட்டும் நீளுகிறது.

8,760 தடவை குத்த வேண்டும். 133 தடவை தவறிவிட்டார். அதையும் கணக்கு வைத்திருக்கிறார்: நித்திரையில் 94, பிந்திப் போனது 29, முந்திப் போனது 10.

நான் அந்த 10-இல்தான் நின்றுவிட்டேன். நித்திரை விளங்குகிறது, பிந்துவதும் விளங்குகிறது. முந்திப் போவது? மணி ஆகிவிட்டது என்று எழும்பி ஓடி, ஆகாத மணிக்கு அட்டை குத்துவது. பரீட்சைக் காலத்தில் விடிய இரண்டு மணிக்கு எழும்பி, குளித்து, உடுத்து, பஸ்ஸுக்குப் போய் நின்றிருக்கிறேன். நாய்கள்கூட என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை.

ஜூன் 10

இந்தக் கதையை வகுப்பில் சொன்னேன். முதல் கேள்வி: "டீச்சர், அவருக்கு ஆர் சம்பளம் குடுத்த?"

ஒருவரும் இல்லை. ஆகவே ஜெனீவாக் கணக்கில் அவருக்கும் அந்தச் சொல் வராது.

ஜூன் 16

நிறம் பற்றிக் கேட்டீர்கள். கறுப்பு, சாம்பல் என்று எல்லாரும் ஓடுவார்கள். கச்சான் காற்று அடிக்கிற இந்த நாட்களில் மத்தியானம் ஒரு மணிக்கு வெளியே வந்து பாருங்கள். மதில், மணல், வானம் எல்லாம் ஒரே வெள்ளை. கண்ணைத் திறக்க முடியாது. எனக்கு மனக்களைப்பு அந்த நிறம்தான். இருட்டில் படுத்துத் தூங்கவாவது செய்யலாம்.

போலந்து ஓவியர் ரோமன் ஒபால்கா 1965-இல் கருந்திரையில் வெள்ளையால் 1, 2, 3 என்று எண்களை எழுதத் தொடங்கினார். மிக மெல்லிய தூரிகை. ஒரு திரை முடிந்தால் அடுத்த திரையில் விட்ட எண்ணிலிருந்து. 1972-இலிருந்து ஒவ்வொரு புதிய திரையின் பின்னணியிலும் நூற்றுக்கு ஒரு வீதம் வெள்ளை கூடச் சேர்த்தார். கடைசிக் காலத்தில் வெள்ளையில் வெள்ளை. 2011-இல் இறக்கும்போது 5607249-இல் நின்றது.

அவரிடம் களைப்பு தெரிகிறதா என்று கேட்டால் எனக்கு இல்லை என்றுதான் படுகிறது. அது வேறு. தவம் மாதிரி. ஆனால் தூரிகையில் சாயம் தீரத் தீர எண்கள் மங்கி, திரும்பத் தோய்த்தவுடன் பளிச்சென்று வருகிறதே, அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 23

வேறொரு வாசகர், தம்பிமாரில் ஒருவர், மூன்று நாள் நித்திரை கொள்ளாமல் இருந்து கீறப் போவதாகச் சொல்கிறார். வேண்டாம்.

அதைச் செய்த மாணவன் ஒருவன் இருக்கிறான். ரண்டி கார்ட்னர், அமெரிக்காவில் சான் டியேகோ, வயது 17. பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிக்காக 1963 டிசம்பர் கடைசியிலிருந்து 1964 ஜனவரிவரை 264 மணித்தியாலம், பதினொரு நாள், விழித்திருந்தான். கடைசி நாள் 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். 93, 86, 79, 72, 65. நிறுத்திவிட்டான். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டதற்கு, என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது மறந்துவிட்டது என்றான். வயதான பிறகு நித்திரை வராமல் பெரிய பாடுபட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். கின்னஸ்காரர் இந்தப் போட்டியையே பிறகு விட்டுவிட்டார்கள்.

ஒரு கரும்பலகை. சோக்கால் 100 93 86 79 72 65. மீதி வெறும் பலகை. இதைவிட நல்ல படைப்பு எனக்குத் தோன்றவில்லை, ஆனால் அது அந்தப் பையனுடைய களைப்பு, நாம் எடுக்க முடியாது.

தம்பி, நித்திரை தானாகவே வரவில்லை, அதனால்தான் இந்த யோசனை என்றால் அது வேறு கதை. 1926-க்கு அடியுங்கள், இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் அது. கலையைப் பிறகு பார்க்கலாம்.

ஜூலை 7

ஜூன் 2-இல் எழுதியதில் பாதியை விட்டுவிட்டேன். ஒரு மாதமாக உறுத்துகிறது.

அந்த இருபத்தாறு இரவுக் கோடுகளில் ஒரு களைப்பும் தெரியவில்லை. ஒன்பது மணிக் கோடும் நேர், ஒரு மணிக் கோடும் நேர். பிடித்தது அடிமட்டம், அடிமட்டத்துக்கு என்ன களைப்பு? இழைத்த பாய் மாதிரி அழகாக இருந்தது. ஒப்படைக்க ஒரு கிழமைக்கு முன் பார்த்த விரிவுரையாளர், "திரைச்சீலைக்கு நல்லா இருக்கும்" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நன்றாக நித்திரை கொண்டு எழும்பி, புட்டும் மீன் ஆணமும் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, இடக்கையால் மூன்று தாளில் நடுங்க நடுங்கக் கோடு போட்டேன். பக்கத்தில் 11.50, 12.15, 12.55 என்று நேரமும் எழுதினேன். அந்த மூன்றைத்தான் நடுச்சுவரில் தொங்கவிட்டேன். "இங்க கை தளருது பாருங்க" என்று ஒருவர் மற்றவருக்குக் காட்டியதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். ஏ தரம் கிடைத்தது. உண்மையான தாள்களைப் பெரியம்மா வீட்டில் போட்டுவிட்டு வந்தேன்.

ஆகவே என்னிடம் யோசனை கேட்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஜூலை 14

ஆரையம்பதி போனேன். பெரியம்மா அந்தத் தாள்களைச் சும்மா விடவில்லை. சிலதில் கருவாடு சுற்றிக் கொடுத்தாயிற்று. சிலது அடுக்களைத் தட்டில், மாப்பேணிகளுக்குக் கீழே விரித்துக் கிடந்தது. பேணிகளை இறக்கி ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன்.

12.40 என்று குறித்திருக்கிறது. அதற்கு நேரே ஒரு கோடு முக்கால்வாசி வந்து, அப்படியே நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அடிமட்டம் வழுக்கினதும் இல்லை, பேனை தீர்ந்ததும் இல்லை. வெறும் நிறுத்தம். எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. இருபத்தாறு இரவில் ஒரே ஒரு இடம், 65-இல் நின்ற பையன் மாதிரி, உண்மையாக நின்றிருக்கிறேன். பழுதான தாள் என்று ஒதுக்கியிருக்கிறேன்! போனில் எட்டுப் படம் எடுத்தேன். பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி, நான் எவ்வளவு களைத்திருந்தேன் பாருங்கள் என்றேன்.

பெரியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "அண்டைக்குக் கரண்ட் வந்திட்டு கா. நீ எல்லாத்தையும் போட்டுட்டு ரீவி பார்க்க ஓடிப்போனாய். மறுகா வந்து கீறல்ல."

ஜூலை 15

இன்னும் சிரிப்பு நிற்கவில்லை. ஆனால் பாதையில் நின்று யோசித்தேன். நடுச்சாமம் 12.40-க்கு நாடகத்தின் மறு ஒளிபரப்பைப் பார்க்க ஓடுகிறவளுக்குக் களைப்பே இல்லை என்று பெரியம்மா நினைக்கிறார். அப்படித்தானா? நாடகம் பார்க்கச் சக்தி இருந்திருக்கிறது, கோடு போட இல்லை. தாதிச் சிநேகிதி சொன்ன இரண்டாவது அடையாளம், வேலையிலிருந்து மனம் விலகுவது, அதுவாக இருக்கலாம். அப்படியென்றால் அந்தக் கோடு பொய் சொல்லவில்லை.

சிநேகிதியிடம் சொன்னேன். "உனக்குச் சாட்டு ஒண்டு வேணும்" என்கிறாள்.

ஜூலை 28

மருதமுனைத் தங்கச்சியிடமிருந்து நீண்ட கடிதம். அவர்கள் வீட்டில் கைத்தறி இருக்கிறது, உம்மா சாரம் நெய்கிறார். (இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம், பிள்ளை!) விடிய நெய்த துண்டையும் இரவு நெய்த துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரவுத் துண்டில் இழையை நெருக்குகிற அடி தளர்ந்து இழை விலகி இருக்கும், அதைக் காட்சிக்கு வைக்கலாம் என்பது அவருடைய எண்ணம்.

உம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டாராம். "பிசகின சாரத்த ஊருக்குக் காட்டவா?" அப்படி ஒரு துண்டு வீட்டில் இருக்கவும் இல்லை. பிசகினதைக் கண்ட இடத்திலேயே உம்மா நிறுத்தி, பிரித்து, திரும்ப நெய்துவிடுவார். முடிந்த துணியில் எந்த இரவின் அடையாளமும் இல்லை.

என் எதிர்ப்பு வேறு: அது உம்மாவுடைய களைப்பு, உங்களுடையது எங்கே? கரும்பலகைக்குச் சொன்னதையே இதற்கும் சொல்கிறேன்.

ஓகஸ்ட் 18

இப்போது தங்கச்சியே தறியில் இருக்கிறார். வளாகத்தால் வந்து, இரவில், ஒரு சாண். இரண்டு கிழமை ஆயிற்று. புது வில்லங்கம் ஒன்று கிளம்பியிருக்கிறது. முதல் ஐந்து நாள் கோணல்மாணலாக வந்தது. களைப்பு என்று பார்த்தால் அது களைப்பில்லை, கைப்பழக்கம் இல்லாதது. பழக்கம் வந்த பிறகு எவ்வளவு களைத்தாலும் நெசவு நேராகவே வருகிறது. என்னுடைய அடிமட்டக் கதைதான், அடிமட்டம் இப்போது கைக்குள்ளேயே வந்துவிட்டது.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்கிறார். எனக்கு விடை இல்லை. இடக்கையால் செய்யலாம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

ஓகஸ்ட் 20

அவரே பிடித்துவிட்டார். துணியை விட்டுவிட்டார். உம்மா மாதிரியே பிசகினதைப் பிரிக்கிறார், பிரித்த நூலைத்தான் வைக்கப் போகிறார். ஒருமுறை நெய்த நூலைப் பிரித்தால் அது நேராக நிற்காது. மேலும் கீழும் போய்வந்த நெளிவு அதில் இருக்கும். கழுவித் தொங்கவிட்டால்தான் கொஞ்சம் தளரும். அதைக் கழுவாமல், ஒவ்வொரு இரவும் பிரித்ததைக் கையில் வந்தபடி அள்ளி, தேதி எழுதிப் பால்மாப் பேணியில் போடுகிறார். இவ்வளவு நாளும் தறிக்குக் கீழே கிடந்து காலையில் கூட்டித் தள்ளிய சாமான் அது.

சில நாள் பிரிக்க ஒன்றும் இல்லை என்றால்? அன்றைக்கு வெறும் தேதிதானாம். நன்றாக நெய்த நாளா, தறிப் பக்கமே போகாத நாளா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்கிறார். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை, சியே தன் 133-ஐயும் ஏன் என்று எழுதி வைத்தவர். ஆனால் செயற்றிட்டம் அவருடையது.

செப்டெம்பர் 8

இந்தக் கிழமை எழுத ஒன்றும் இல்லை. ஓடுதில்ல.

ஒக்டோபர் 6

கல்முனை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீளச் சுவர், வெள்ளை. அதில் நாற்பது ஆணி, ஒவ்வொன்றுக்கும் கீழே பென்சிலால் தேதி. இருபத்தெட்டில் நூல் சிக்கு தொங்குகிறது, சில தலைமயிர்க் கற்றை அளவு, சில குருவிக்கூடு அளவு. பன்னிரண்டில் வெறும் ஆணி. தலைப்புச் சீட்டுக்கூட இல்லை. சேர் வந்து, வெறும் ஆணிகளில் ஒன்றுக்கு முன்னால் நின்று, அன்று என்ன நடந்தது என்று கேட்டாராம். "ஒண்டும் நடக்கல்ல சேர்" என்றிருக்கிறார் தங்கச்சி. சேர் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

பின்னேரம் உம்மா வந்தார். மகள் என்னோடு வாசலில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே தனியாகச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் திரும்பிப் போனபோது கதிரையை இழுத்துச் சுவரோடு போட்டு இருக்கிறார். மடியில் நூல். முதல் நாலு ஆணியின் நூலையும் இறக்கிச் சிக்கெடுத்து, உருண்டை உருண்டையாகச் சுற்றி, அந்தந்த ஆணியில் அழகாகத் திரும்பக் கட்டிவிட்டார். ஐந்தாவது கையில்.

"இப்பிடிச் சிக்காக் கிடந்தா ஆருக்கு மகள் உதவும்?"

தங்கச்சி என்னைப் பார்த்தார். திங்கட்கிழமை புள்ளியிட வருகிறார்கள், நாலையும் குலைத்துத் திரும்பச் சிக்காக்குவதா என்று பிறகு மெதுவாகக் கேட்டார். இடக்கையால் கோடு போட்டவளிடம் கேட்கிற கேள்வியா அது? விடுங்கள் என்றேன். ஐந்தாவதையும் உம்மா முடிக்கும்வரை காத்திருந்து, மூன்று பேருமாகக் கடைசி பஸ்ஸுக்கு நடந்தோம்.